டயாலிசிஸ் ரத்த ரிப்போர்ட்ல வர்ற புரோட்டீன் நம்பருங்க: அடிக்கடி கேக்கற கேள்விகள்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. ஏழு வருஷமா வாரத்துக்கு மூணு நாள், தடவைக்கு நாலு மணி நேரம் மெஷின்ல படுத்திருக்கற ஆள். மாசா மாசம் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் வந்ததும் பக்கத்து பெட்ல இருக்கறவங்க பேப்பர நீட்டி "சார் இதுல கீழ பாத்த அம்புக்குறி போட்டிருக்கே, பயப்படணுமா"ன்னு கேப்பாங்க, அப்படி திரும்பத் திரும்ப வந்த கேள்விங்கதான் இதெல்லாம். மருந்த மாத்தறது கூட்டறது எல்லாம் உங்க நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர் வேலை, அதுல நான் வரல.

ஆல்புமின்னு போட்டிருக்கே, இது யூரின்ல போகுதுன்னு சொன்னாங்களே அதுவா?

புரோட்டீன் அதேதான், ஆனா பாக்கற இடம் வேற. கிட்னி கெட ஆரம்பிச்ச காலத்துல யூரின்ல ஆல்புமின் ஒழுகுதான்னு பாத்திருப்பாங்க, அது கூடினா கெட்டது. இப்ப பாக்கறது ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு, இது குறைஞ்சா கெட்டது. இந்த குழப்பத்துல "ஆல்புமின் குறைஞ்சிருக்கு, நல்லதுதானே"ன்னு சந்தோஷப்பட்டவர நானே பாத்திருக்கேன்.

ஆல்புமின தயாரிக்கறது கிட்னி இல்ல, கல்லீரல். ஒரு நாளைக்கு சுமார் 10லேர்ந்து 15 கிராம் வரைக்கும் செய்யுது. ரத்தக்குழாய்க்குள்ள தண்ணிய புடிச்சு வெக்கறது இதோட முக்கியமான வேலை, அது கம்மியானா தண்ணி வெளிய கசிஞ்சு காலு வீங்கும், மெஷின்ல தண்ணி எடுக்கும்போது பிரஷர் சட்டுன்னு இறங்கும். கால்சியம், பல மருந்துங்க எல்லாம் இதுமேல ஏறித்தான் ரத்தத்துல சுத்துது.

எவ்வளவு இருக்கணும்? லேப் 3.5லேர்ந்து நார்மல்ங்குது, டாக்டர் 3.6க்கே முகம் சுளிக்கறாரே?

லேப் போடற ரேஞ்ச் பொதுவா எல்லாருக்கும், டெசிலிட்டருக்கு 3.5லேர்ந்து 5 கிராம். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு 4.0 தொட்டா நல்லதுன்னு நினைப்பாங்க. அதுக்கு பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. 1990ல லோரி, லூன்னு ரெண்டு பேர் அமெரிக்கால 12,000க்கு மேற்பட்ட ஹீமோடயாலிசிஸ் நோயாளிங்களோட ரத்த ரிப்போர்ட்ட அலசினாங்க, யாருக்கு உயிர் ஆபத்து அதிகம்னு முன்கூட்டியே காட்டினதுல ஆல்புமின் ரொம்ப பலமா நின்னுச்சு, 4க்கு கீழ இறங்க இறங்க ஆபத்து ஏறிக்கிட்டே போச்சு. அதுலேர்ந்துதான் ஒவ்வொரு யூனிட்லயும் ஆல்புமின இப்படி உத்து உத்து பாக்கறாங்க.

ஆனா ஒண்ணு, புகை தெரிஞ்சா நெருப்பு இருக்குன்னு அர்த்தம், புகைய விசிறி விரட்டிட்டா நெருப்பு அணையாது. ஆல்புமின் கம்மிங்கறது பல சமயம் உள்ள வேற ஏதோ நடக்குதுங்கற தகவல்தான்.

எனக்கு 3.2. தினம் முட்டை வெள்ளைக்கரு சாப்பிட்டா ஏறிடுமா?

எல்லாரும் கேக்கற கேள்வி இதுதான், எல்லாரும் தப்பா பதில் சொல்றதும் இதுக்குத்தான். ஆல்புமின் குறைஞ்சா "சாப்பாடு பத்தல"ன்னு வீட்டுல இருக்கறவங்க, பக்கத்து பெட்காரங்க, சில சமயம் யூனிட்ல இருக்கறவங்க கூட அடிச்சு சொல்லிடறாங்க. சாப்பாடு ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா அனோரெக்சியான்னு ஒரு வியாதி இருக்கு, சாப்பிடாம எலும்பும் தோலுமா போயிடுவாங்க, அவங்கள்ல நிறைய பேருக்கு ஆல்புமின் கிட்டத்தட்ட நார்மலாவே இருக்கும். அப்ப வெறும் பட்டினி மட்டும் இந்த நம்பர இறக்கறதில்லன்னு தெரியுதுல்ல.

பெரும்பாலும் இறக்கறது அழற்சி, டாக்டருங்க இன்ஃப்ளமேஷன்னு சொல்றது. உடம்புல எங்கயாவது கிருமியோ, புண்ணோ, ஒத்துக்காத பொருளோ இருந்தா கல்லீரல் தன் வேலைய மாத்திக்கும், சண்டைக்கு வேண்டிய புரோட்டீன செய்யறதுக்காக ஆல்புமின் உற்பத்திய குறைச்சிடும். கூடவே ஆல்புமின் ரத்தக்குழாய விட்டு வெளிய கசியறதும் கூடும். அந்த நேரத்துல எவ்வளவு முட்டை உள்ள போனாலும் நம்பர் அசையாது.

என் கதையவே சொல்றேன். ஒரு வருஷம் 3.9ல இருந்தது மூணு மாசத்துல 3.3க்கு வந்துடுச்சு. வீட்டுல தினம் ஆறு முட்டை வெள்ளைக்கரு, வாசனையே குமட்டற அளவுக்கு ஆயிடுச்சு. நம்பர் இம்மி நகரல. சி.ஆர்.பின்னு அழற்சிய காட்டற ரத்த டெஸ்ட் எடுத்தா 42. ஃபிஸ்டுலா கை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ரத்தக்குழாய இணைச்சு வெச்ச கை, சுத்தமா இருக்கு, ஜுரம் இல்ல, இருமல் இல்ல, யாருக்கும் எதுவும் புரியல. ஒரு நாள் மெஷின்ல இருக்கும்போது பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன், டெக்னீஷியன் பொண்ணு கொஞ்ச நேரம் பாத்துட்டு "ஏன் சார் இடது பக்கமாவே மெல்றீங்க"ன்னு கேட்டுச்சு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது, வலது பக்க கடவாப்பல்ல மாசக்கணக்கா நான் தொடவே இல்ல, வலி பெருசா இல்லாததால மறந்தே போயிருந்தேன். எக்ஸ்ரே எடுத்தா வேருக்கு அடில சீழ். டயாலிசிஸ் நாள்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போடறதால அன்னிக்கு வேணாம்னு மறுநாளா பாத்து பல்ல எடுத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு சி.ஆர்.பி 6, ஆல்புமின் 3.8. முட்டைய பாதியா குறைச்ச பிறகுதான் ஏறுச்சு, இத சொன்னா வீட்டுல இன்னும் ஒத்துக்க மாட்டாங்க.

சி.ஆர்.பின்னா என்ன, எல்லா மாசமும் எடுக்கணுமா?

சி-ரியாக்டிவ் புரோட்டீன். 1930ல நிமோனியா நோயாளிங்க ரத்தத்துல கண்டுபிடிச்சாங்க, நிமோகாக்கஸ் கிருமியோட சி-பாலிசாக்கரைட்ங்கற பொருளோட சேந்து படிஞ்சதால அந்த பேரு. இதையும் கல்லீரல்தான் செய்யுது, அழற்சி வந்தா சில மணி நேரத்துல ஏற ஆரம்பிக்கும், காரணம் போச்சுன்னா வேகமா இறங்கும், ஏன்னா இதோட அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான். ஆல்புமினுக்கு அதுவே கிட்டத்தட்ட 20 நாள். அதனால பிரச்சினை தீந்தாலும் சி.ஆர்.பி முதல்ல இறங்கும், ஆல்புமின் சோம்பேறி மாதிரி பின்னாடி மெதுவா ஏறும். ஒரே வாரத்துல ஏறலயேன்னு கவலப்படாதீங்க.

மாசா மாசம் எடுக்கணும்னு எல்லா யூனிட்லயும் வழக்கம் இல்ல. ஆனா ஆல்புமின் காரணமில்லாம இறங்கினா, இல்ல ஹீமோகுளோபின் அதுக்கான ஊசி போட்டும் ஏறாம கீழயே இருந்தா, "சி.ஆர்.பி ஒண்ணு பாக்கலாமா டாக்டர்"ன்னு கேக்கறதுல தப்பே இல்ல.

யூனிட்ட கண்டிப்பா பாருங்க. சில லேப் லிட்டருக்கு மில்லிகிராம்னு போடும், சில லேப் டெசிலிட்டருக்கு போடும், பத்து மடங்கு வித்தியாசம். 4.2ன்னு இருக்கேன்னு நிம்மதியா இருப்பீங்க, அது டெசிலிட்டர் கணக்கா இருந்தா உண்மைல 42.

சி.ஆர்.பி ஏறியிருக்கு, ஆனா எங்கன்னு தெரியல. எங்க தேடறது?

கழுத்துல டயாலிசிஸுக்கு போட்ட கத்தீட்டர் குழாய் இருந்தா அதுதான் முதல் சந்தேகம், குளிர் நடுக்கம் மெஷின்ல போட்டதும் வருதான்னு கவனிங்க, வந்தா அப்பவே சொல்லணும், வீட்டுக்கு போய் பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது. வேலை செய்யாம கைல அப்படியே விட்டு வெச்சிருக்கற பழைய கிராஃப்ட், அதாவது டயாலிசிஸுக்காக வெச்ச செயற்கை குழாய், வெளிய சிவப்பே இல்லாம உள்ள ரகசியமா புகைஞ்சுக்கிட்டிருக்கலாம். முன்னாடி மாத்தி வெச்சு ஃபெயிலான கிட்னி உள்ளயே இருந்தா அதுவும். சர்க்கரை இருக்கறவங்க பாதத்த திருப்பி விரல் இடுக்கு வரைக்கும் பாக்கணும், உணர்ச்சி இல்லாததால புண் இருக்கறதே தெரியாது. அப்புறம் பல்லு, ஈறு. கிட்னி டாக்டரும் வாய பாக்கமாட்டார், பல் டாக்டரும் ஆல்புமின பாக்கமாட்டார், நடுவுல நாமதான் சொல்லணும்.

ஒரே நாள்ல ரெண்டு தடவை எடுத்தா ஆல்புமின் வேற வேறயா வருதே?

வரும். டயாலிசிஸுக்கு முன்னாடி உடம்புல மூணு லிட்டர் தண்ணி கூட இருக்குன்னு வைங்க, ரத்தம் நீத்துப்போயிருக்கும், 3.5னு காட்டும். அந்த தண்ணிய எடுத்த பிறகு அதே ஆளுக்கு 4 பக்கத்துல காட்டலாம். நடுவுல நீங்க புரோட்டீன் எதுவும் புதுசா செஞ்சிடல, ரசத்த சுண்ட வெச்சா உப்பு கரிக்கற மாதிரிதான். அதனால எப்பவும் டயாலிசிஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்ததோட முன்னாடி எடுத்ததத்தான் ஒப்பிடணும். ட்ரை வெயிட், அதாவது கூடுதல் தண்ணி எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, தப்பா வெச்சிருந்தா, அதாவது உள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கியே இருந்தா, ஆல்புமின் மாசா மாசம் கம்மியாவே தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம், ஊசி குத்தினதும் சலைன் தள்றதுக்கு முன்னாடி ரத்தத்த எடுக்கணும். அவசரத்துல சலைன் போன பிறகு எடுத்தா எல்லா நம்பரும் சேந்து கொஞ்சம் இறங்கும். ஒரே மாசத்துல ஆல்புமின், ஹீமோகுளோபின், கால்சியம் மூணும் ஒண்ணா சரிஞ்சிருந்தா இத சந்தேகப்படுங்க.

எதுவுமே மாறல, லேப் மட்டும் மாறுச்சு. ஆல்புமின் 4.0லேர்ந்து 3.5 ஆயிடுச்சு. இது எப்படி?

எனக்கே நடந்தது, ரெண்டு ராத்திரி தூங்கல. ஆல்புமின அளக்க ரெண்டு சாயம் பயன்படுத்துவாங்க, ப்ரோமோகிரெசால் கிரீன், ப்ரோமோகிரெசால் பர்ப்பிள். பச்சை சாயம் ஆல்புமின மட்டும் புடிக்காம வேற சில புரோட்டீனையும் சேத்து எண்ணிடும், அதனால கூட காட்டும். ஊதா சாயம் கறாரா எண்ணும், டயாலிசிஸ் நோயாளிங்களுக்கு கிட்டத்தட்ட அரை பாயிண்ட் வரைக்கும் கம்மியா வரலாம். அந்த 4.0 இலக்கு பச்சை சாயக் கணக்குல வந்தது. நான் மூணாவது நாள் யூனிட்ல போய் புலம்பினப்பதான் அங்க இருக்கற அத்தனை பேருக்கும் அதே மாசம் இறங்கியிருக்குன்னு தெரிஞ்சுது, எல்லாருக்கும் ஒரே மாசத்துல வியாதி வராதுல்ல. லேப் மாத்தினா எந்த முறைன்னு கேட்டு ரிப்போர்ட் ஓரத்துல எழுதி வெச்சுக்குங்க.

ப்ரீ-ஆல்புமின்னு ஒண்ணு எழுதிக்குடுத்திருக்காங்க. ஆல்புமின் ஆகறதுக்கு முந்தின ஸ்டேஜா?

இல்ல, பேருதான் அப்படி. ட்ரான்ஸ்தைரெட்டின்னு வேற ஒரு புரோட்டீன், புரோட்டீனுங்கள பிரிச்சு பாக்கற லேப் பட்டைல ஆல்புமினுக்கு முன்னாடி ஓடறதால அந்த பேரு. ரெண்டு மூணு நாள்தான் அரை ஆயுள், அதனால சமீபத்துல சாப்பாடு எப்படின்னு சீக்கிரம் காட்டும், ஆனா அழற்சி வந்தா இதுவும் இறங்கும். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு இது வெளியேறாம கொஞ்சம் கூடவே நிக்கும், அதனாலதான் நமக்கு டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல இருக்கணும்னு பாக்கறாங்க. எல்லா இடத்துலயும் எடுக்கறதில்ல.

ஃபெரிட்டின் 900. இரும்பு அதிகமாயிடுச்சா? ஆனா ஹீமோகுளோபின் 8.5தானே?

ஃபெரிட்டின்ங்கறது இரும்ப பூட்டி வெக்கற பெட்டி மாதிரி ஒரு புரோட்டீன், ஒரு பெட்டிக்குள்ள 4,500 இரும்பு அணு வரைக்கும் அடங்கும். இரும்பு நிறைய இருந்தாலும் ஏறும், அழற்சி இருந்தாலும் ஏறும், வெறும் நம்பர பாத்து எதுன்னு சொல்ல முடியாது. அதனாலதான் கூடவே ட்ரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், டி-சாட்னு சொல்வாங்க, அத பாப்பாங்க. ட்ரான்ஸ்ஃபெரின் இரும்ப எலும்பு மஜ்ஜைக்கு தூக்கிட்டு போற வண்டி, அதுல எத்தன சதவீதம் சீட் நிரம்பியிருக்குங்கறதுதான் டி-சாட்.

ஃபெரிட்டின் 900, டி-சாட் 15 சதவீதம்னா பெட்டில இரும்பு இருக்கு, வண்டி காலியா ஓடுது. சாவிய மறைச்சு வெச்சிருக்கறது ஹெப்சிடின்னு ஒரு சின்ன ஹார்மோன், அழற்சி வந்தா இது ஏறி இரும்ப வெளிய விடாம தடுக்குது. அப்ப ஊசிய கூட்டிக்கிட்டே போறத விட அழற்சி எங்கன்னு தேடறது முக்கியம், மறுபடி என் பல்லு கதைதான். இரும்பு கம்மியா இருக்கறவங்களுக்கு தயங்காம குடுக்கறது நல்லதுன்னு பிவட்டல்னு ஒரு பெரிய ஆராய்ச்சி 2019ல காட்டுச்சு, பிரிட்டன்ல 2,141 பேர வெச்சு செஞ்சது, ஆனா அதுலயும் ஃபெரிட்டின் 700 தாண்டினாலோ டி-சாட் 40 ஆனாலோ அந்த மாசம் நிறுத்திட்டாங்க. ஜுரமோ இன்ஃபெக்‌ஷனோ இருக்கற அன்னிக்கு இரும்பு ஊசி வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் எதுக்கு?

பல வருஷமா டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்குத்தான் இது பெருசா தேவைப்படும். உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லு மேலயும் ஒட்டிக்கிட்டிருக்கற குட்டி புரோட்டீன், தினமும் உதிரும், நல்ல கிட்னி அத வடிகட்டி அழிச்சிடும். நமக்கு அது தேங்கும். லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராம் பக்கத்துல இருக்க வேண்டியது 20, 30, 40ன்னு நிக்கும். 1985ல ஜப்பான் டாக்டருங்க, நீண்டகால டயாலிசிஸ் நோயாளிங்க மணிக்கட்டுல மூட்டுல படியற அமிலாய்டுங்கற பொருள் இதுதான்னு கண்டுபிடிச்சாங்க. ராத்திரில விரல் மரத்துப்போய் கைய உதறிக்கிட்டே எந்திரிக்கறது, தோள் வலில படுக்க முடியாதது, அதுக்கெல்லாம் இது ஒரு காரணம்.

யூரியா ரொம்ப சின்னது, மூலக்கூறு எடை 60 டால்ட்டன். இது 11,800. சாதாரண லோ-ஃப்ளக்ஸ் டயலைசர், அதாவது சின்ன ஓட்டை இருக்கற ஃபில்டர், அதோட ஓட்டை வழியா இது போகவே போகாது, அதனால யூரியா சுத்தமா இறங்கி கே.டி/வி, அதாவது யூரியா எவ்வளவு சுத்தமாச்சுங்கற கணக்கு, 1.4ன்னு பிரமாதமா வந்தாலும் இது அப்படியே இருக்கலாம். பெரிய ஓட்டை இருக்கற ஹை-ஃப்ளக்ஸ் டயலைசர், இல்லன்னா டயாலிசிஸோட சேத்து நிறைய திரவத்த வடிச்சு மாத்தற ஹீமோடயாஃபில்ட்ரேஷன், கூடவே நேரம் அதிகம், இதுதான் வழி. ஹீமோடயாஃபில்ட்ரேஷன் பத்தி 2023ல கன்வின்ஸ்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 1,360 பேர், நல்ல அளவு திரவம் மாத்தினவங்கள்ல இறப்பு குறைஞ்சிருந்துச்சு. உங்களுக்கு இன்னும் யூரின் கொஞ்சம் வருதுன்னா அதுவே இந்த புரோட்டீன நல்லா இறக்கும், அரை கிளாஸ் யூரின்தானேன்னு அலட்சியமா பேசாதீங்க, வலி மாத்திரைய இஷ்டத்துக்கு போட்டு அதையும் கெடுத்துக்காதீங்க.

ட்ரோபோனின் எப்பவும் பாசிட்டிவா? ஹார்ட் அட்டாக்கா?

டயாலிசிஸ்ல இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு நெஞ்சு வலியே இல்லாம ட்ரோபோனின், அதாவது இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறற புரோட்டீன், எப்பவும் கொஞ்சம் கூடவே இருக்கும். அதனால ஒரு நம்பர வெச்சு முடிவு பண்ணாம சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்து ஏறுதா இறங்குதான்னு பாப்பாங்க. பழைய நம்பர் ஒண்ணு கைல இருந்தா எமர்ஜென்சில ரொம்ப உதவும். ஆனா நெஞ்சு அடைக்குது, வேர்க்குதுன்னா "நமக்கு எப்பவும் இப்படித்தான்"னு வீட்டுல உக்காராதீங்க, கிளம்புங்க.

கால்சியம் கம்மின்னு வந்துச்சு, டாக்டர் ஆல்புமின பாத்துட்டு பரவாயில்லைன்னுட்டார். ஏன்?

கால்சியம் பாதிக்கு கிட்ட ஆல்புமின்ல ஒட்டிக்கிட்டிருக்கு. ஆல்புமின் இறங்கினா மொத்த கால்சியமும் இறங்கின மாதிரி தெரியும். 4லேர்ந்து ஒரு கிராம் குறைஞ்சா கால்சியத்தோட 0.8 கூட்டிக்கறது பழைய கணக்கு, ஆல்புமின் 3, கால்சியம் 8.2ன்னா 9.0ன்னு எடுத்துக்குவாங்க. துல்லியமா வேணும்னா அயனைஸ்டு கால்சியம், அதாவது எதுலயும் ஒட்டாம தனியா இருக்கற கால்சியத்த, நேரா அளக்கணும்.

வயித்துல தண்ணி மாத்தற டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கும் இதே கணக்கா?

பெரிடோனியல் டயாலிசிஸ்ல தினமும் 5லேர்ந்து 15 கிராம் புரோட்டீன் அந்த தண்ணியோட வெளிய போயிடும், அதுல பெரும்பங்கு ஆல்புமின். அதனால நம்பர் ஹீமோ ஆளுங்கள விட கொஞ்சம் கீழதான் இருக்கும். வயித்துல இன்ஃபெக்‌ஷன் வந்தா இழப்பு இன்னும் எகிறும், பை தண்ணி கலங்கலா தெரிஞ்சா அன்னிக்கே போன் பண்ணணும். ஹீமோல ஆல்புமின் அவ்வளவா போகாது, ஆனா அமினோ அமிலம் ஒவ்வொரு தடவையும் சில கிராம் போகும்.

அப்ப புரோட்டீன் எவ்வளவுதான் சாப்பிடறது? முன்னாடி குறைக்க சொன்னாங்க, இப்ப கூட்ட சொல்றாங்க.

ரெண்டும் சரிதான், காலம்தான் வேற. டயாலிசிஸுக்கு முன்னாடி கிட்னிய காப்பாத்த குறைக்க சொன்னாங்க. மெஷின் ஏறின அன்னிலேர்ந்து சட்டமே தலைகீழ், கிலோ எடைக்கு நாளொண்ணுக்கு 1.0லேர்ந்து 1.2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 60லேர்ந்து 72 கிராம். பழைய பயத்துலயே ரெண்டு வருஷமா பத்தியம் இருந்து சட்டை தொளதொளன்னு ஆனவங்கள பாத்திருக்கேன், யாரும் அவங்ககிட்ட "இனி சாப்பிடலாம்"னு சொல்லவே இல்ல.

கூட்டும்போது பாஸ்பரஸ் கூடவே வரும், அதான் தலைவலி. முட்டை வெள்ளைக்கருல புரோட்டீன் ஒண்ணுக்கு மூணரை கிராம் கிட்ட இருக்கு, பாஸ்பரஸ் சொற்பம், அதனாலதான் எல்லாரும் அதையே சொல்றாங்க. டப்பா பவுடர் வாங்கறதுக்கு முன்னாடி டயட்டீஷியன்கிட்ட லேபிள காட்டுங்க. சாப்பிடற கலோரி பத்தலன்னா உடம்பு புரோட்டீனையே எரிச்சிடும், அதையும் பாக்கணும். ரத்தத்துல அமிலத்த சமன் பண்ற பைகார்பனேட் 22க்கு கீழ கிடந்தாலும் தசை கரையும்.

யூரியா குறைவா இருக்கேன்னு குஷியாகாதீங்க, டயாலிசிஸ் நல்லா நடந்தும் குறையலாம், நீங்க சரியா சாப்பிடாததாலயும் குறையலாம். ஆல்புமினும் சேந்து இறங்கினா ரெண்டாவதுதான்னு சந்தேகப்படணும்.

ஆல்புமின் பாட்டில் ஏத்திட்டா வேலை முடிஞ்சுதுல்ல?

நம்பர் சில நாள் ஏறும், அப்புறம் பழைய இடத்துக்கே வந்துடும். மெஷின்ல பிரஷர் விழும்போது, வேற சில அவசரத்துல டாக்டரே போட சொல்லலாம், அது வேற. ரிப்போர்ட்ட அழகாக்க கேட்டு வாங்கி ஏத்திக்காதீங்க.

நோட்டுல என்னென்ன எழுதி வெக்கறீங்க?

தேதி, டயாலிசிஸுக்கு முந்தின வெயிட், ட்ரை வெயிட், ஆல்புமின், சி.ஆர்.பி எடுத்திருந்தா யூனிட்டோட, ஃபெரிட்டின், டி-சாட், ஹீமோகுளோபின், பைகார்பனேட். ஓரத்துல அந்த மாசம் நடந்தது, "ஜுரம் 3 நாள்", "கத்தீட்டர் எடுத்தாச்சு", "லேப் மாறுச்சு", "பல்லு". டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ரெண்டு நிமிஷம்தான் நிப்பார், ஆறு மாசத்து நம்பர் ஒரே பக்கத்துல இருந்தா அந்த ரெண்டு நிமிஷம் போதும். போன மாசம் அப்படித்தான் நோட்ட நீட்டினேன், அவர் ஆல்புமின் வரிசைல விரல வெச்சு மெதுவா கீழ இறக்கிக்கிட்டே வந்து, என்னை நிமிந்து பாத்து, "கடைசியா பல் டாக்டர எப்ப பாத்தீங்க"ன்னு கேட்டார்.